பங்குனியில் வாருங்கோ

ரொறன்ரோவில் பங்குனி நடுப்பகுதியில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை லீவு. பனி இன்னும் கரைந்திராது. அந்த ஒரு கிழமைக்காக எங்கட சனம் தைப்பொங்கல் முடிந்த கையோடு கரீபியன் பக்கேஜ் தேடத் தொடங்கிவிடும். கியூபாவில் வரடேரோ, டொமினிக்கன் குடியரசில் புன்ரா கானா, கையில் இன்னும் கொஞ்சம் மிஞ்சினால் பஹாமாஸ், கேமன். நாலைந்து மணித்தியாலப் பறப்பு. ஹொட்டேலில் இறங்கினதும் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டி இருக்கும்வரை சாப்பாடு, குடி, கடல், நீச்சல்குளம் எதற்கும் காசு எடுக்கத் தேவையில்லை. என் தம்பி குடும்பம் இதில் பழந்தின்று கொட்டை போட்ட ஆட்கள். பங்குனி வந்தால் வட்ஸ்அப்பில் விழும் நீலக்கடல் படங்களைக் கோப்பாயில் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு பார்ப்பது என் வழக்கம்.

இதே ஆட்கள் ஊருக்கு வருவது ஆடிக் கடைசியில், ஆவணியில். பிள்ளைகளுக்கு நீண்ட லீவு அப்போதுதான், நல்லூர்க் கொடியேற்றமும் அதை ஒட்டித்தான் வரும். வந்த இடத்தில் ஒரு நாளை ஒதுக்கி, வான் பிடித்து, தீவுப்பக்கம் போய், வெயிலில் வெந்து, படகில் சத்தி எடுத்து, "அங்க ஒண்டுமில்லை மாமி, ஒரே காய்ஞ்ச புல்லு" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்க்க ஆக மோசமான காலம் அதுதான். வைகாசியில் பிடிக்கிற சோளகக் காற்று புரட்டாதி வரைக்கும் கடலைக் கிண்டிக்கொண்டே இருக்கும். மாரியில் நிரம்பிய குளங்கள் அதற்குள் வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். போதாக்குறைக்கு, நல்லூர் கொடி ஏறினால் 25 நாளும் எங்கள் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறாது. கனடாவிலிருந்து நண்டுக்கறிக் கனவோடு வந்த பிள்ளைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறிதான்.

மாசி, பங்குனி அப்படியில்லை. வாடை அடங்கியிருக்கும், சோளகம் தொடங்கியிராது. குளத்தில் தண்ணி நிற்கும், தரவையில் புல் நிற்கும், வெளிநாட்டுப் பறவைகள் இன்னும் கிளம்பியிராது. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவை எங்கட முன்னோர் மாசி பங்குனிப் பக்கம் வைத்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் படகோட்டிகளைக் கேட்டால் கடலைத்தான் காட்டுவார்கள். அதாவது கனடாக்காரர் கரீபியனுக்குப் போகிற அதே கிழமைதான் எங்கட தீவுகளுக்கும் திறமான கிழமை. இந்தப் பொருத்தம் எனக்குத் தெரிய வந்ததே அப்பாவின் ஆண்டுத் திவசத்தால்.

திவசம் பங்குனியில் வந்தது. தம்பி குடும்பத்தோடு வந்திறங்கினான். மருமகனுக்கு 12 வயது, மருமகளுக்கு 8. இரண்டு பேரின் முகத்திலும் பறிபோன புன்ரா கானா எழுதியிருந்தது. கிரியை முடிந்து, ஐயரும் போய், அடுப்புக்கு மச்சம் திரும்பிய பிறகு, "பிள்ளையளை எங்கயாவது கூட்டிக்கொண்டு போ அக்கா, வீட்டுக்குள்ள இருந்து போனையே நோண்டுதுகள்" என்றான் தம்பி.

கோப்பாய் ஆட்களுக்குக் கடல் அவ்வளவு உறவில்லை. கிழக்கே உப்பாறு இருக்கிறது, கைதடிப் பாலத்தில் நின்றால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், ஆனால் அது களப்பு. எங்களுக்குத் தெரிந்தது தோட்டமும் கிணறும். கடலில் கால் நனைப்பதென்றால் ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, இல்லாவிட்டால் யாருடையதோ அஸ்தி கரைக்கக் கீரிமலை. கடலுக்கு விளையாடப் போவதை என் அம்மா இன்றைக்கும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பா. ஆனாலும் பேரப்பிள்ளைகள் கேட்டால் அப்பம்மாவின் சட்டங்கள் இளகும். "நானும் வாறன்" என்று முதலில் வானில் ஏறியதும் அவதான்.

முதல் நாள் காரைநகர் கசூரினா. வடக்கே பாக்குநீரிணையைப் பார்த்துக் கிடக்கும் கடற்கரை. பின்னால் சவுக்கு மரங்கள். பிள்ளைகளோடு போவதற்கு இதைவிடப் பயமில்லாத கடல் யாழ்ப்பாணத்தில் இல்லை: எவ்வளவு தூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்பைத் தாண்டத் தயங்கும், அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மருமகள் மூன்று மணித்தியாலம் வெளியே வரவில்லை. மருமகனின் தீர்ப்பு: "தண்ணி ஓகே, மண்ணு புன்ரா கானாவில இன்னும் வெள்ளை." அது உண்மைதான். உடுப்பு மாற்றும் இடத்தைப் பற்றி அவன் சொன்னதும் உண்மைதான், அதை இங்கே எழுதவில்லை. கிழமை நாளில் காலையில் போங்கோ. சனி ஞாயிறு பின்னேரம் அங்கே போத்தலோடு வரும் கூட்டத்துக்கும் குடும்பத்தோடு வரும் ஆட்களுக்கும் ஒத்துவராது.

திரும்பும்போது தரைவழியே வராமல் காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் ஏறினோம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக: பாதை என்றால் ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் சேர்த்து ஏற்றி அக்கரையில் விடும் தட்டையான மிதவை. சில நிமிடப் பயணம். நடுவில் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பிறகு சிறையாகவும் இருந்து, இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

நெடுந்தீவுக்குத்தான் நான் உண்மையில் அவர்களைக் கூட்டிப்போக விரும்பினேன். அதுவும் இரவு தங்கி. காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் ஓடி வருகிறவர்கள் அந்தத் தீவைப் பார்ப்பதில்லை, அதன் வெயிலைத்தான் பார்க்கிறார்கள்.

பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதியால் இணைந்திருப்பதால் குறிகட்டுவான் துறை வரைக்கும் வான் போகும். வழியில் கடலுக்குள் தடி நட்டு வலை அடித்த கடலட்டைப் பண்ணைகள். இந்தச் சில வருடங்களில் தீவகத்துக் கரையெல்லாம் இதுதான். சீனாவுக்கு ஏற்றுமதி என்பார்கள். சிறு மீன்பிடிகாரருக்கு இதில் நல்லதா கெட்டதா என்று தீவுக்காரர் இரண்டு பேரைக் கேட்டால் சண்டைதான் வரும். ஆழங்குறைந்த ஒரு இடத்தில் பூநாரைகள் நின்றன. வானை நிறுத்தினோம். மருமகள் பஹாமாஸில் பார்த்த பூநாரை கடும் செம்மஞ்சள். இவை வெளிறின வெள்ளை. "இதுகளுக்கு நிறம் காணாது" என்றாள். அது வேறு இனம். அமெரிக்கப் பூநாரைதான் அந்தக் கொளுத்தும் நிறம். எங்களுடையது செட்டையை விரித்தால் மட்டும் உள்ளேயிருந்து சிவப்பைக் காட்டும். சாரதி கையைத் தட்டிப் பறக்க வைக்கப் பார்த்தார், மச்சாள் தடுத்துவிட்டா. கொஞ்சம் பொறுத்ததில் அவையே எழும்பின. மருமகள் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஏறக்குறைய 20 நிமிடம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். அம்மா நாகபூஷணி அம்மனைக் கும்பிடாமல் அந்தத் துறையைத் தாண்டமாட்டா, ஆகவே முதலில் நயினாதீவு. கும்பிட்டோம். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டோம். சோறு, பருப்பு, மரக்கறி, மோர். யார், எவர், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. "இதுதான்ரா எங்கட ஓல் இன்குளூசிவ், கைப்பட்டியும் கட்டத் தேவையில்லை" என்று தம்பி சொன்னதற்குப் பிள்ளைகளை விட அம்மாதான் கூடச் சிரித்தா.

நெடுந்தீவு மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகின் நினைவுத்தூபி. 1985 மே 15-ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்து, பெண்களையும் கைக்குழந்தையையும்கூட விடாமல் வெட்டிக் கொன்றார்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று மச்சாள் கண்ணால் கேட்டா. மருமகன் தமிழை எழுத்துக்கூட்டி ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தான். தம்பி சுருக்கமாகச் சொன்னான். புன்ரா கானாவில் ஹொட்டேல் மதிலுக்கு அப்பால் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதில்லை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் பட்ட பாட்டைக் கடற்கரைக் கதிரையில் யார் சொல்லப்போகிறார்கள்?

தீவுக்குள் நாங்கள் போனது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில். வழியெல்லாம் மதில்கள். பவளக்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், நூறு வருடமானாலும் அசையாது. தீவிலுள்ள பழைய கோட்டையின் மிச்சமும் பவளக்கல்தான். பார்படோஸில் பழைய வீடுகள் கட்டியதும் இதே கல்லில். இந்த ஒற்றுமைக்கு ஒரு பக்கம் கடல் காரணம், மற்றப் பக்கம் ஆட்களே காரணம். ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி குராசாவோ தீவைப் பிடித்தது 1634-இல். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658-இல். அங்கே உப்பு, அடிமை. இங்கே யானை, சாயவேர், புகையிலை. தங்கள் ஊர்ப் பெயர்களை எங்கட தீவுகளுக்கெல்லாம் வைத்துவிட்டுப் போனவர்கள், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று வைத்தது மட்டும் இன்றைக்கும் அரச கடிதங்களில் நிலைத்திருக்கிறது.

நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும் அந்தக் காலத்து மிச்சம். போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஒல்லாந்தர் வளர்த்தார்கள். பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கேயே இருந்து குதிரை வளர்ப்பைப் பார்த்தார். பிறகு குதிரைக்குத் தேவையில்லாமல் போனது, அப்படியே விட்டுவிட்டார்கள். கரீபியனில் பொனேயர் தீவின் கழுதைகளுக்கும் இதே கதைதான்: உப்புச் சுமக்கக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் கைவிட்டார்கள், இன்றைக்குத் தெருவில் திரிகின்றன, காப்பகமும் உண்டு. பஹாமாஸில் கடலில் நீந்தும் பன்றிகளைக் காட்டிக் காசு பண்ணுகிறார்கள். மருமகனிடம் அந்தப் பன்றியோடு எடுத்த படம் இருக்கிறது.

விடிய வெள்ளென தெற்குப் பக்கத்து வெளிக்குப் போனோம். பனைகளுக்கு அப்பால் ஒரு குளம், அதைச் சுற்றிக் குதிரைகள். கபிலமும் கறுப்பும், நடுவில் ஒரு வெள்ளை. கட்டையான, உருண்ட உடம்பு. தாயோடு ஒட்டியபடி குட்டிகள். பிள்ளைகளைப் பெட்டியிலேயே இருக்கச் சொன்னார் சாரதி. ஒரு ஆண் குதிரை எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது, மற்றவை ஒரு பொருட்டாகவும் எடுக்கவில்லை. நான் ஆவணியில் பார்த்த குதிரைகளும் இவைதானா என்று இருந்தது. அப்போது விலா எலும்பை எண்ணலாம். தொட்டியடியில் மாடுகளோடு இடிபட்டு நிற்கும். வறட்சி கடுமையான வருடங்களில் தண்ணியில்லாமல் செத்து விழுந்த குதிரைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. 2015-இல் சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம் என்பவற்றோடு சேர்த்து நெடுந்தீவின் ஒரு பகுதியையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பெயர் வந்தது. தண்ணிக்குக் குதிரை இன்னும் மழையைத்தான் நம்பியிருக்கிறது. கோடையில் தீவுச் சனத்துக்கே நல்ல தண்ணி தட்டுப்பாடு.

பெருக்கமரத்தையும் பார்த்தோம். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்லப்படும் மரம். அடிமரத்துப் பொந்துக்குள் பிள்ளைகள் இருவரும் அப்பம்மாவும் சேர்ந்து நிற்க இடமிருந்தது. பார்படோஸ் தலைநகரப் பூங்காவிலும் இப்படி ஒரு பெருக்கமரம் உண்டு. வளரும் கல், இராட்சதக் கால் அடி, வெடியரசன் கோட்டை, புறாக்கூடு எல்லாம் காட்டினார்கள். கல் வளர்கிறதா என்பதில் சாரதிக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். அது முடிய நேரமெடுக்கும் போலிருந்ததால் நான் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

தங்கிய வீட்டில் கூழ். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒடியல் மாவைக் கைப்புப் போகத் தண்ணியில் ஊறவிட்டு வடித்து வைத்திருந்தா அந்த வீட்டு அம்மா. பெரிய சருவத்தில் கொதிக்கும் தண்ணிக்குள் ஒரு பிடி அரிசி, மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை. அவை அவிந்து வரும்போது மீன்தலை, நண்டு, இறால், கணவாய். எல்லாம் அன்று காலை வள்ளத்தில் வந்தவை. கடைசியில் செத்தல் மிளகாய் அரைத்தது, பழப்புளி, கரைத்த ஒடியல்மா, ஒரு பிடி முருங்கையிலை. பூவரசுக்குக் கீழே பாயை விரித்து வட்டமாக இருந்து, பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தோம். உறைப்பில் எல்லாருக்கும் மூக்கால் ஓடியது. மருமகள் முதல் வாயோடு அழுதாள், பிறகு நண்டுக்கால் மட்டும் பொறுக்கித் தின்றாள். கூழ் தனியாகக் குடிக்கிற சாமான் இல்லை. ஆட்கள் வேண்டும். பஃபேயில் 40 வகை வைத்தாலும் ஆளுக்கொரு தட்டோடு ஆளுக்கொரு பக்கம் போவதுதானே.

இரவு புட்டுக்குத் திருக்கைக்கறி. கேமன் தீவில் மணல்திட்டில் நின்று திருக்கையைக் கையில் தூக்கி, அதற்கு முத்தம் கொடுத்தால் ஏழு வருடம் நல்லகாலம் என்று படம் எடுப்பார்கள். மருமகள் அதைச் செய்தவள். சட்டிக்குள் என்ன என்று தெரிந்ததும் எழும்பிப் போய்விட்டாள். அவளுக்கு முட்டை பொரித்தோம். மருமகன் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினான். இரண்டு பேரும் சரி என்றுதான் எனக்குப் பட்டது.

அன்றிரவு மச்சாள் ஒரு கதை சொன்னா. வேலையிடத்தில் மார்த்தினிக் தீவுக்காரி ஒருத்தி, தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று 'கொலொம்போ' கொண்டுவந்தாளாம். மூடியைத் திறந்தால் எங்கட கோழிக்கறி வாசம். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு. 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறத் தொடங்கிய இந்தியர்களில் பெரும்பாலானோர் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர். மொழி போய்விட்டது. மாரியம்மன் கோயிலும் கறித்தூளும் மிஞ்சின. குவாதலூப்பில் கோபுரம் வைத்த கோயிலே இருக்கிறது. அடுத்தமுறை கரீபியன் போனால் கைப்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கோயிலைப் போய்ப் பார்ப்பதாக மச்சாள் சொன்னா. போனால் எனக்கும் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இதை வாசிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்வது இதுதான். கரீபியன் போங்கோ, நான் வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன உரிமை. ஆனால் ஏதாவது ஒரு வருடம் அந்தப் பங்குனி லீவோடு இன்னொரு கிழமை பள்ளிக்கூடத்தில் கேட்டு எடுங்கோ. 2019-இல் திறந்த பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் வருகிறது, கொழும்பிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் முறியத் தேவையில்லை. பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சிக்குப் பொங்கலாம், அந்த நாளில் மட்டும் நண்டு கேட்காதேங்கோ. தீவில் ஹொட்டேல் தேடாமல் வீடுகளில் தங்குங்கோ, காசு அந்த அடுப்படிக்கே போகும். குடிதண்ணியைப் பெரிய கானில் நிரப்பிக் கொண்டுபோங்கோ. கொண்டுபோன பிளாஸ்ரிக் முழுவதையும் திரும்பக் கொண்டுவாருங்கோ, அங்கே அள்ள ஆளில்லை. குதிரைக்குப் பாண் போடாதேங்கோ. படகில் உயிர்காப்பு அங்கியைப் போடச் சொன்னால் வெட்கப்படாமல் போடுங்கோ. குறிகட்டுவானுக்குக் காலைப் படகைப் பிடிக்கிற மாதிரி விடியவே வெளிக்கிடுங்கோ, படகு நேரம் அடிக்கடி மாறும், முதல் நாளே துறையில் விசாரிக்க வேண்டும்.